கரி எரிக்கும் வெள்ளிக்கிழமை

மொய்தீன் பிச்சை பாய் அந்த வண்டியை முதன்முதலாக எங்கள் தெருவுக்குள் ஓட்டிவந்தபோது தெருவே வாசலில் நின்றது. நான் கொஞ்சம் முன்னால் நின்றேன். எதிர்வீடு என்பதால் எனக்கு அந்த உரிமை உண்டு. இருபத்தாறு வருஷம் ஷார்ஜாவில் அடுத்தவன் வண்டியை ஓட்டிவிட்டு வந்த மனிதர், ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். வீட்டில் இருந்ததோ அவரும் நஃபீசாக்காவும்தான். ஒரே மகன் ஹம்தான், அப்பா விட்டுவந்த அதே ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். மீதி ஐந்து சீட்டில் யாரை உட்கார வைப்பார் என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். ஆனால் என் மெதுவு எப்போதும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

திண்டிவனத்தில் அந்த வண்டிக்கு என்ன வேலை இருந்தது? காலையில் மார்க்கெட், மத்தியானம் பள்ளிவாசல், சாயங்காலம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீ. எல்லாம் சேர்த்து மூன்று கிலோமீட்டர் வரும். இரண்டே மாதத்தில் ஸ்டீயரிங் பக்கம் மஞ்சளாக ஒரு லைட் எரிய ஆரம்பித்தது. மெக்கானிக் ரஞ்சித் வீட்டுக்கே வந்து பார்த்தான். நானும் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது அப்போது எனக்குப் பாதிகூட ஏறவில்லை.

"டீசல் புகையில இருக்கிற கரி வெளிய போவக் கூடாதுன்னு பின்னாடி ஒரு ஃபில்டர் வச்சிருக்கான் பாய். நீங்க காய் வாங்கவே ஓட்டிக்கினு இருந்தா அது சூடாவாது. கரி சேந்துக்கினே போயி அடைச்சிக்கும். வாரத்துக்கு ஒரு தபா ஹைவேல வுட்டு ஒரே சீரா மிதிங்க. அந்தச் சூட்டுல கரி தானா எரிஞ்சிடும். ஆனா பாதியில மட்டும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினா மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

கூடவே டீசலில் கலக்க ஒரு பாட்டில் மருந்தும் கொடுத்தான். கரி சுலபமாக எரியுமாம். பாய் அதை மாதம் தவறாமல் பிஸ்மில்லாஹ் சொல்லி ஊற்றுவார். தன்னுடைய பிரஷர் மாத்திரையை மட்டும் தவறாமல் மறப்பார். "காருக்கு டானிக்கு ஊத்தத் தெரியுது, தனக்கு ஒரு மாத்திரை போடத் தெரியல" என்று நஃபீசாக்கா உள்ளேயிருந்து சொல்வது என் வாசல்வரை கேட்கும்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, இரண்டரை மணிக்கு வண்டி கிளம்பும். இருவரும் விழுப்புரம் வரை போய், எங்கும் இறங்காமல் திரும்பி வருவார்கள். எங்கே என்று கேட்டால், "கரி எரிக்கப் போறோம்" என்பார் பாய். என் காதில் அது "கறி எடுக்க" என்று விழுந்தது. எங்கள் பக்கத்து வாயில் சின்ன ர, பெரிய ற எல்லாம் ஒன்றுதானே. வெள்ளிக்கிழமை, பாய் வீடு, கறி. சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆனால் கறிக்காக விழுப்புரம் வரை போவானேன், திண்டிவனத்து ஆடெல்லாம் என்ன ஆயிற்று என்று நான் கேட்டுவைக்க, அவர்கள் வெறுங்கையோடு திரும்புவதையும் சேர்த்துச் சொல்லிவைக்க, வழியிலேயே தின்றுவிட்டு வருகிறார்கள் என்று தெரு தீர்மானித்தது. லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் மணிமாறன் மாதம் இரண்டு நாள் வீட்டுக்கு வருவார். ஒருமுறை இந்தப் பேச்சு அவர் காதில் விழுந்து, அவர்தான் விளக்கினார். அதற்குள் ஆறு மாதம் ஆகிவிட்டது. யாரும் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஜனவரி கடைசி வெள்ளியன்று வண்டி நாலரைக்குத் திரும்பிவந்து ஷெட்டில் நின்றது. சற்று நேரத்தில் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. எரிச்சலோடுதான் போனேன். பாய் ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்திருந்தார். நஃபீசாக்கா பக்கத்து சீட்டில் நேராக உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

"லைட் அணைஞ்சிடுச்சி" என்றார் என்னிடம். அது மட்டும்தான்.

*

புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைத் தாண்டக் கூடாது, இத்தா இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நஃபீசாக்கா வெள்ளைப் புடவையும் வெள்ளைத் துப்பட்டியுமாக உள்ளே உட்கார்ந்துகொண்டார். கேப்பைக் கூழும் ரசமுமாக நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். நல்ல மனசுதான். கூடவே உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியுமே.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, நாலரை மணி இருக்கும். தூக்குவாளியோடு ஷெட் வழியாகப் போனேன். வண்டியின் பின்பக்கம் தாண்டும்போது கெண்டைக்காலில் அனல் அடித்தது.

நின்றேன்.

அடியிலே மின்விசிறி ஓடுகிற சத்தம். டிக், டிக் என்று இரும்பு சூடு தணிகிற சத்தம். காய்ந்த தோசைக்கல்லைத் தண்ணீர் விடாமல் அடுப்பிலேயே மறந்துவிட்டால் வருமே, அந்த வாசனை. அதோடு கொஞ்சம் அத்தர், பாய் பூசுவாரே, அது.

வண்டி இரண்டு மாதமாக ஷெட்டை விட்டு நகரவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். நஃபீசாக்காவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

அடுத்த வெள்ளி இரண்டேகாலுக்கே ஜன்னலில் உட்கார்ந்தேன். வெயிலுக்கு நாய்கூட வெளியே இல்லை. இரண்டரைக்கு வண்டி பின்னால் நகர்ந்து தெருவுக்கு வந்தது. இடது சீட்டில் வெள்ளைத் துப்பட்டி. ஓட்டுகிறவன் பக்கம் கண்ணாடியில் சூரியன் அடித்ததில் முகம் தெரியவில்லை.

முகம் தெரியாவிட்டால் என்ன. ஆள் இல்லாமலா வண்டி போகும்?

அமலாவிடம் மட்டும் சொன்னேன். அமலா தையல் மெஷின் வைத்திருப்பவள், தெருவில் எல்லார் ஜாக்கெட்டும் அவள் கையில். மறுநாள் அதே செய்தி என்னிடம் திரும்பி வந்தபோது அதில் ஓட்டுகிற ஆளுக்கு மீசையும், ஹைவேயில் இருக்கிற கூட்டேரிப்பட்டில் ஒரு வீடும் முளைத்திருந்தன. இத்தாவில் இருக்கிறவள் எவனோடோ காரில் சுற்றுகிறாள். ஜமாத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். நஃபீசாக்கா ஒரு வார்த்தை பேசவில்லையாம். கூழ் கொண்டுபோனால் கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்தவிதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் என்ன இல்லாததையா சொன்னேன்?

மே மாதம் இரண்டாவது வாரம் ஹம்தான் ஷார்ஜாவிலிருந்து எனக்கு ஃபோன் செய்தான்.

"ஆன்ட்டி, வண்டி டோல் கடந்தா என் நம்பருக்குத்தான் மெசேஜ் வரும். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம விக்கிரவாண்டி காட்டுது. போவ ஒண்ணு, வர ஒண்ணு. யாரு ஓட்டுறது?"

"தெரியலடா கண்ணு. நான் அதையெல்லாம் பாக்கறதில்ல."

"அம்மாவக் கேட்டா அழுவுது. ஊர்லேருந்து என்னென்னவோ பேசுறாங்க. சனிக்கெழம வந்துடறேன். ரஞ்சித் அண்ணன்ட்ட சொல்லிட்டேன், அந்த ஃபில்டர அறுத்து உள்ள இருக்கிறத எடுத்துட்டு வெறும் டப்பாவா மாட்டச் சொல்லி. அப்புறம் வண்டிய எவனுக்காவது குடுத்துடப் போறேன். இந்தப் பேஜாரே வேணாம்."

வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது.

*

அந்த ஆள் யார் என்று பார்க்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்க, இரண்டே கால் மணிக்குக் கூழ் வாளியோடு ஷெட்டுக்குள் போனேன். நஃபீசாக்கா ஏற்கெனவே இடது சீட்டில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது. மடியில் கை வைத்து, டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார்.

"வா தேவயானி. ஆளு யாருன்னு பாக்கணும் இல்ல?"

"ஐயே, இல்லக்கா, கூழு..."

"கூழ கீழ வச்சிட்டுப் பின்னாடி ஏறிக்கோ. நாளைக்கி என் புள்ள வந்துடுவான். இதான் கடைசி."

ஏறினேன். வெட்கம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். ஆசை எப்போதும் கதவுப் பக்கம் உட்காரும். ஷெட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. தெருவிலிருந்து அவன் வருவான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

டிரைவர் சீட்டு அமுங்கியது.

மெத்தென்று, கனத்த ஆள் உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி. பெல்ட் தானாக நீண்டு, குறுக்கே வந்து, க்ளிக் என்றது. ஒரு நெஞ்சின் வளைவு அளவுக்கு அது முன்னால் விம்மி நின்றது.

பெல்ட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒன்றும் இல்லை.

என்ஜின் கிளம்பியது. மஞ்சள் லைட் எரிந்தது.

நான் கத்தவில்லை. ஊரே அறிந்த என் வாய், அந்த நேரத்தில் என் வாயாக இல்லை.

"பயப்படாத" என்றார் நஃபீசாக்கா மெதுவாக. "அவரு ஒண்ணும் பண்ண மாட்டாரு. எப்பவும் போலதான்."

தெரு கடந்தது. மேம்பாலம் கடந்தது. ஹைவேயில் ஏறியதும் ஸ்டீயரிங் லேசாக இப்படியும் அப்படியும் அசைந்தபடி, வண்டி ஒரே சீராகப் போக ஆரம்பித்தது. பாய்க்கு ஏசி ஆகாது. நாலு கண்ணாடியும் இறங்கியிருந்தன. அனல் காற்றில் அத்தர் வாசனை பின்சீட்டுக்கு வந்து வந்து போயிற்று. லாரியைத் தாண்டும்போது இன்டிகேட்டர் போட்டார். தாண்டிய பிறகு அணைத்தார். பாருங்கள், நானே 'அணைத்தார்' என்று எழுதுகிறேன்.

நஃபீசாக்கா பேசிக்கொண்டே வந்தார். என்னிடம் இல்லை.

"ஹம்தான் நாளைக்கி வர்றான். எளைச்சிட்டானாம். ... ஆமா, உங்கள மாதிரிதான், சொன்னா கேக்க மாட்டான். ... மாடி டேங்க்ல தண்ணி ஒழுவுது."

நடுவில் நிறுத்தி நிறுத்தி, பதில் கேட்கிறவர் போலத் தலையாட்டினார். பதில் எனக்குக் கேட்கவில்லை. ஒருமுறை அவர் சிரித்தார். பாய் இறந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

விக்கிரவாண்டி டோலில் வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. பச்சை விளக்கு விழாமல் ஒரு கணம் தாமதித்தது. கூண்டிலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். டிரைவர் சீட்டைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குக் கண் பார்க்கிற உயரத்தில் பார்த்தாள்.

"போங்கண்ணா" என்றாள்.

நான் திரும்பி பின்கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அடுத்த வண்டியைக் கவனிக்கத் தொடங்கிவிட்டாள்.

விழுப்புரம் எல்லையில் திரும்பினோம். அப்போதுதான் என் குரல் எனக்குக் கிடைத்தது.

"அக்கா, இது எத்தினி நாளா?"

"நாப்பதாம் நாள் ஃபாத்திஹா முடிஞ்ச மொத வெள்ளி. வீட்ல அழுதா எல்லாரும் வந்துடறாங்க. அதான் வண்டில வந்து உக்காந்து அழுதேன். கெளம்பிடுச்சி." துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். "இத்தா முறிஞ்சிடுச்சின்னு சொல்றாங்களாமே. நீ சொல்லு, புருசன் கூட்டிக்கினு போனா முறியுமா?"

நான் காலியான டிரைவர் சீட்டைப் பார்த்தேன்.

"இது பத்தாவது வெள்ளி" என்றார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார், பக்கத்தில் இருப்பவர் காதில் விழக் கூடாது என்பதைப் போல. "அவரு போன அன்னைக்கி கூட்டேரிப்பட்டு வந்தப்ப கேட்டாரு. நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது, ஓரங்கட்டட்டுமா, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமான்னு. லைட் எரிஞ்சிக்கினு இருந்திச்சி. அதுக்கு முந்தின ரெண்டு வாரமும் நான்தான் மல்லாட்டை வாங்கணும், இதை வாங்கணும்னு பாதியில நிறுத்த வச்சேன். ரஞ்சித் திட்னான். அதனால..."

"அதனால?"

"பாதியில நிறுத்தாதிங்க, மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டேன். நான்தான் சொன்னேன் தேவயானி. அவரு சரின்னுட்டாரு. வூடு வர பதினஞ்சு கிலோமீட்டரு, மூச்சு வாங்கிக்கினே ஓட்டுனாரு. ஷெட்ல வந்து, லைட் அணைஞ்சிடுச்சி பாருன்னாரு. அவ்ளோதான்."

வெளியே மயிலம் மலை தூரத்தில் தெரிந்தது. வெயிலில் ரோடு ஈரம் மாதிரி மினுங்கியது.

"இப்பவும் கேக்குறாரு. ஒவ்வொரு வெள்ளியும் அதே எடத்துல கேக்குறாரு. நான் வாயத் தொறக்கறதில்ல."

"ஏங்க்கா? நிறுத்துங்கன்னு சொல்லிட வேண்டிதுதான?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நிறுத்திட்டாருன்னா எறங்கிடுவாருடி. அப்புறம் அடுத்த வெள்ளி நான் யாருக்குக் காத்துக்கினு இருப்பேன்?"

கூட்டேரிப்பட்டு இரண்டு கிலோமீட்டர் என்று பச்சைப் பலகை வந்து போயிற்று.

தோசைக்கல் வாசனை கூடியது. காலடியில் தகடு சுட்டது. அந்தச் சூட்டுக்கு நடுவே முன்சீட்டிலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் காற்று என்று நினைத்தேன்.

மூச்சு.

இழுத்து, பாதியில் சிக்கி, மறுபடி இழுக்கிற மூச்சு. விம்மி நின்ற பெல்ட் ஏறி இறங்கியது. ஏறியது. இறங்கவில்லை. பிறகு ஒரு உதறலோடு இறங்கியது.

நஃபீசாக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார். மடியில் விரல்கள் ஒன்றையொன்று முறுக்கின.

டீக்கடைகள் தெரிந்தன.

வண்டி மெல்ல வேகம் தணிந்தது.

"ஓரங்கட்டட்டுமா?"

கேட்டது. எனக்கே கேட்டது. பாய் குரல்தான். ஒருவரையும் சிரமப்படுத்தக் கூடாது என்று நினைக்கிற அந்தக் குரல்.

நஃபீசாக்கா பேசவில்லை.

ஒரு டீக்கடை போயிற்று. இன்னொன்று போயிற்று. மூச்சு, இரும்புப் பட்டையைக் கல்லில் தேய்ப்பதுபோல் வந்தது. இன்னும் பதினைந்து கிலோமீட்டர் அதைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். ஒன்பது வாரமாக நஃபீசாக்கா கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஒன்பது வாரமாக பாய் செத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

என் வாயைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அடக்கத் தெரியாத வாய்.

"நிறுத்துங்க பாய்" என்றேன். "டீ குடிச்சிட்டுப் போலாம்."

இடது இன்டிகேட்டர் விழுந்தது.

*

கடைசி டீக்கடை முன்னால், புளியமர நிழலில், வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நின்றது. என்ஜின் அணைந்தது. பெல்ட் தளர்ந்து சுருண்டு உள்ளே போயிற்று. அமுங்கியிருந்த சீட்டு மெல்ல மேலே வந்தது. டிரைவர் பக்கக் கதவு திறந்து, மூடிக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை. மெதுவாக.

மூச்சுச் சத்தம் இல்லை.

நஃபீசாக்கா கண்ணைத் திறந்தார். பக்கத்து சீட்டைக் கையால் தடவிப் பார்த்தார். திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அந்த வார்த்த என்னுதுடி" என்றார். "நான் சொல்ல வேண்டியது. என்னைக்காவது ஒரு நாள் நான் சொல்லியிருப்பேன். நீ ஏன்டி சொன்ன?"

டீக்கடைக்காரர் பெரியதம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜன்னலில் குனிந்தார். பெயர் கடைப் பலகையில் இருந்தது.

"எத்தினி டீம்மா? மூணா?"

நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

"இல்ல, டிரைவரு எறங்கி அந்தாண்ட நடந்து போனாரே, அதான் கேட்டேன். டீ சாப்புட்டுப் போங்கண்ணான்னு கூப்புட்டேன். திரும்பிப் பாக்கல."

அவர் கை நீட்டியது திண்டிவனம் பக்கம்.

நஃபீசாக்கா இறங்கினார். இத்தாவில் இருக்கிறவர், பட்டப்பகலில், ஹைவே ஓரத்தில், வெள்ளைத் துப்பட்டியோடு நின்று அந்தப் பக்கம் பார்த்தார். லாரிகள் ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டிப் போயின. வெயிலில் நெளிகிற ரோட்டில் யாரும் நடக்கவில்லை. அவர் பார்ப்பதை நிறுத்தவும் இல்லை.

அப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டு பொம்பளை, ஒரு வண்டி, ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ரஞ்சித்துக்கு ஃபோன் போட்டேன். பஸ் பிடித்து வந்தான். யார் ஓட்டிக்கொண்டு வந்தது என்று கேட்டான். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தேன். அவன் சாவியைத் திருப்பி, மஞ்சள் லைட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினான்.

"பாதியில நிறுத்திட்டிங்களே. இனிமே மறுபடி மொதல்லேருந்து எரிக்கணும்."

நஃபீசாக்கா அப்போதுதான் அழுதார். பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுக்க, வாய்விட்டு அழுதார். ரஞ்சித் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினான். பாவம், ஒரு ஃபில்டருக்காக இவ்வளவு அழுகிறார்களே என்று நினைத்திருப்பான்.

*

மறுநாள் ஹம்தான் வந்து இறங்குவதற்குள் ஒரு வேலை செய்தேன். அமலாவிடம் போய், எனக்கு நெஞ்சுவலி, இரண்டு மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் விழுப்புரத்தில் டாக்டரைப் பார்க்கிறேன், நான் தனியாகப் போகப் பயந்ததால் நஃபீசாக்கா துணைக்கு வந்தார், ரஞ்சித்துதான் ஓட்டினான், நான்தான் வெளியே சொல்ல வெட்கப்பட்டு உன்னிடம் கதை கட்டினேன் என்றேன். ரஞ்சித்தையும் அப்படியே சொல்லச் சொல்லிக் கெஞ்சிவைத்தேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க எனக்கு இருதயக் கோளாறு. மூன்று வீட்டிலிருந்து ஹார்லிக்ஸ் வந்தது. ஜமாத்துப் பெண்கள் நஃபீசாக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஹம்தானும் நம்பினான்.

ஃபில்டரை அறுக்க ரஞ்சித் ஒப்பவில்லை. கரியெல்லாம் ஊர் மூக்கில் ஏறும், நான் செய்ய மாட்டேன் என்றான். ஹம்தான் வேறு ஆளைப் பிடித்து அறுத்து, வானூர்ப் பக்கம் ஒருவருக்கு வண்டியைக் கொடுத்துவிட்டான். அது தெருமுனை திரும்பும்போது பின்னால் கறுப்பாகப் புகை விட்டது. நஃபீசாக்கா ஜன்னலில் நின்று பார்த்தார். இத்தா முடிந்தது. அவர் வெளியே வரத் தொடங்கினார். என்னோடு மட்டும் பேசவில்லை. எதிர்ப்பட்டால் என்னைத் தாண்டி, என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடுவதைப் போல் பார்ப்பார்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு மேல், என் கதவைத் தட்டினார். மணிமாறன் நாக்பூர் லோடில் இருந்தார். நான் தனி.

வாசல்படியிலேயே நின்றார்.

"உங்கிட்ட வர்றாரா?"

"யாருக்கா?"

"நீ சொன்னதத்தான அவரு கேட்டாரு. எங்கிட்ட வரல. எட்டு வாரமா வாசலத் தொறந்து வச்சிக்கினு உக்காந்திருக்கேன். வரல."

"இல்லக்கா" என்றேன். "இங்க யாரு வருவாங்க?"

அவர் தலையை லேசாக உயர்த்தினார். மூச்சை உள்ளே இழுத்தார். மறுபடி இழுத்தார். என் பின்னால் கூடம் முழுக்க அத்தர் வாசனையும் சுட்ட இரும்பு வாசனையும் நின்றன. ஜன்னலையெல்லாம் திறந்துதான் வைத்திருந்தேன். எட்டு வாரமாகத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

நஃபீசாக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மணிமாறனின் பிரம்பு நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"ஹம்தானுக்குப் பொண்ணு பாத்திருக்குது" என்றார். நாற்காலியிடம்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்துவிடுகிறார். ஐந்தரை வரை இருக்கிறார். நான் டீ வைத்துக் கொடுத்துவிட்டுத் தெருவில் போய் நின்றுகொள்கிறேன். உள்ளே அவர் பேசுகிறார், நிறுத்துகிறார், பேசுகிறார். கதவோரம் காது வைத்தால் கேட்கும்தான். வைப்பதில்லை. அமலா தாண்டிப் போகும்போது, "என்னக்கா, உங்க வூட்ல ஆம்பளக் குரல் கேக்குது, அண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

மணிமாறன் அப்போது நாக்பூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.